போடாத ரீடு

முன்னால் ஏழு வண்டிகள் நின்றன. ஏழு என்றால் நிறைய நேரம் இருக்கிறது என்று வெள்ளிங்கிரி தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். வண்டிக்கு ஐந்து நிமிடம் என்று வைத்தாலும் முப்பத்தைந்து நிமிடம், அதற்குள் ஒரு மனுஷனால் ஒரு வாக்கியம் சொல்ல முடியாதா என்ன, அதுவும் நாலே வார்த்தை, அந்த ரீடை நான் போடலை, அவ்வளவுதான், நேற்றுக் குளிக்கும்போதுகூட சோப்பு நுரையோடு சுவரைப் பார்த்துச் சொல்லிப் பார்த்தார், நன்றாகத்தான் வந்தது. சுவரிடம் எல்லாமே நன்றாகத்தான் வரும். கிணத்துக்கடவு தாண்டி யாருடைய தரிசையோ வாடகைக்குப் பிடித்து, மண்ணைக் குவித்து மேடும் பள்ளமுமாக அடித்து வைத்திருந்த பந்தயத் திடலில் காலை எட்டே காலுக்கே வெயில் சுள்ளென்று இறங்கியிருந்தது. தண்ணீர் லாரி நனைத்துவிட்டுப் போன மண்ணின் ஈர வாசனையும் டூ ஸ்ட்ரோக் ஆயில் எரிந்த புகை வாசனையும் சேர்ந்து வந்தன, முப்பது வருஷமாக அவர் மூக்குக்குப் பிடித்த வாசனை, இன்று அதுவும் பிடிக்கவில்லை. வண்டிச் சோதனைக்கு நிற்கும் இந்த வரிசைக்கு இடப்பக்கம் ஒரு நீலப் பந்தல் போட்டிருந்தார்கள். அதில் ஒரு மேஜை, ஒரு பெண், ஒரு பேனா, மேஜையின் முன்னால் கயிற்றில் தொங்கும் ஓர் அட்டை. பந்தய வகுப்பு மாற்றம் காலை 9 மணி வரை மட்டும். அட்டையை அவர் படிக்கவில்லை, ஏற்கெனவே நாலு முறை படித்திருந்தார். கை மோட்டார் சைக்கிளின் ஹேண்டிலைப் பிடித்திருந்தது, வண்டிக்காரி மேகலா, ஓட்டலாம் என்று டாக்டர் எழுதித் தரும் சீட்டை வாங்கப் போயிருந்தாள், வரட்டும், வந்ததும் சொல்லிவிடலாம், வந்ததும் முதல் வேலை அதுதான்.

ரீடு என்பது பெரிய சமாசாரம் ஒன்றும் இல்லை. கார்பரேட்டருக்கும் இஞ்சினுக்கும் நடுவில் உட்கார்ந்துகொண்டு, காற்றையும் பெட்ரோலையும் உள்ளே விட்டு, திரும்பி வெளியே விடாமல் மூடிக்கொள்கிற மெல்லிய தகடு, வாசலில் நிற்கிற வாட்ச்மேன் வேலை. கம்பெனி போட்டு அனுப்பும் தகட்டைக் கழற்றிவிட்டு வெளியில் விற்கிற கார்பன் தகட்டைப் போட்டால் வண்டி பறக்கும் என்று பாதிப் பேர் சொல்வார்கள், ஒரு மண்ணும் ஆகாது என்று மீதிப் பேர் சொல்வார்கள், இந்தச் சண்டைக்குத் தீர்ப்புச் சொல்லும் ஆள் என்று சிங்காநல்லூர் வட்டாரத்தில் வெள்ளிங்கிரியைத்தான் காட்டுவார்கள். மேகலா அந்தச் சண்டையில் சேராதவள். பம்ப் கம்பெனியில் மோட்டாரை ஓட்டிப் பார்த்து அளவெடுத்துக் கையெழுத்துப் போடுகிற வேலை அவளுக்கு, போட்டுப் பார்த்து அளந்துவிட்டால் தெரிந்துவிடப் போகிறது, எதுக்குங்கண்ணா வாய்ச்சண்டை என்றாள். அவள் துபாயில் இருக்கும் தன் சித்தி மகனிடம் சொல்லி வைத்து, இரண்டு மாதம் காத்திருந்து, அவன் பெட்டியில் பிஸ்கட்டுக்கும் சென்ட்டுக்கும் நடுவில் அது வந்து சேர்ந்தது. கறுப்பாக, கையில் எடை தெரியாமல், அத்தனை அழகாக இருந்தது. அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தபோது அவருக்கே உள்ளுக்குள் ஒரு சந்தோஷம். அந்தச் சந்தோஷத்தில்தான் கட்டைவிரல் அதன் வேலையைச் செய்துவிட்டது. அந்தக் காலத்து வண்டிகளில் ரீடு எஃகுத் தகடு. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, இடுக்கு தெரிந்தால் கட்டைவிரல் நகத்தால் ஓர் அழுத்து அழுத்தி வளைத்துவிட வேண்டும், அப்படி ஆயிரம் தகடு வளைத்த விரல் அது. இந்தத் தகட்டில் இடுக்கே இல்லை. விரலுக்கு அது தெரியவில்லை. டிக் என்று ஒரு சத்தம், பல்லி சொல்வதைவிடச் சின்னச் சத்தம், ஸ்க்ரூ போடும் துளையிலிருந்து ஓரம் வரை முடி மாதிரி ஒரு கோடு. அதைப் போட்டு ஓட்டினால் ஓடுகிற ஓட்டத்தில் உடைந்து துண்டு இஞ்சினுக்குள் போகும், பிஸ்டனைக் கீறும், வேகத்தில் இஞ்சின் இறுகினால் வண்டி அவளைத் தூக்கி எறியும். அதனால் போடவில்லை. அது சரிதான், போடாதது சரிதான், அந்த இடம் வரைக்கும் தான் யோக்கியன் என்று வெள்ளிங்கிரி அடிக்கடி அந்த இடத்துக்கே போய் நின்றுகொள்வார்.

அந்த இடத்திலிருந்து ஓர் அடி எடுத்து வைத்தால்தான் சறுக்கல். அன்று சாயங்காலம் பட்டறையில் யாரும் இல்லை. மறுநாள் காலை பயிற்சி ஓட்டம். பழைய தகட்டையே கழற்றிச் சுத்தம் செய்தார், ஒரு பக்கமே உழைத்து வாய் விட்டிருந்ததால் திருப்பிப் போட்டார், பார்த்தால் பக்கத்தில் காற்றுப் புகாமல் அடைக்கிற கேஸ்கெட் கிழிந்து அந்த வழியாகக் காற்று இழுத்துக்கொண்டிருந்தது, அதையும் மாற்றினார். மூன்று மாதத்துக்கு முன்பே பார்த்திருக்க வேண்டிய கேஸ்கெட். காலையில் அவள் வந்ததும் உடைந்ததைக் காட்டிவிடலாம் என்று வேஸ்ட் துணியில் சுற்றிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டுதான் போனார், சத்தியமாக அப்படித்தான் போனார். அவள் கொஞ்சம் பிந்தி வந்தாள், ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டே வந்தாள், கிக்கரை மிதித்தாள், புது ரீடு உள்ளே இருக்கிறது என்ற நினைப்பிலேயே போய்விட்டாள். எட்டுச் சுற்று. திரும்பி வந்து ஹெல்மெட்டைக் கழற்றியபோது முகமெல்லாம் சேறு, பல் மட்டும் வெள்ளையாக. சட்டைக்குள்ளிருந்து சின்ன நோட்டை எடுத்து, நேரம் பார்த்தவனிடம் கேட்டு எழுதி, பழைய பக்கத்தோடு ஒப்பிட்டு, ஒரு சுற்றுக்கு ஒன்றரை வினாடி குறைந்திருக்கிறது என்று கண்டுபிடித்தாள். அண்ணா, இது வேற வண்டிங்கண்ணா, என்றாள். சொல்லியிருக்க வேண்டிய நொடி அதுதான். பையில் கைகூடப் போனது. ஆனால் சுற்றி நாலு பேர் நின்றிருந்தார்கள், நாலு பேரும் அவரைப் பார்த்த பார்வையில் ஒரு மரியாதை இருந்தது, கொஞ்ச நாளாக அந்தப் பார்வை அவருக்குக் கிடைக்காமல் இருந்தது. கை வெறுமனே வெளியே வந்து மீசையைத் தடவியது. சீச்சீ, மீசையை வேறு தடவினேனே.

ஒரு வண்டி சோதனை முடிந்து நகர்ந்தது, வரிசை ஓர் அடி முன்னால் போனது, ஆறு. அவர் வண்டியைத் தள்ளினார், பின் சக்கரம் ஈர மண்ணில் லேசாக அழுந்திற்று. இவ்வளவோடு நின்றிருந்தால்கூட ஒரு சின்னப் பொய், யாருக்கும் நஷ்டம் இல்லாத பொய், வண்டி நன்றாகத்தானே ஓடுகிறது என்று தேற்றிக்கொண்டு போயிருக்கலாம். ஆனால் மேகலா என்கிற பெண்ணோடு அப்படியெல்லாம் போக முடியாது. பந்தயத்துக்குப் பேர் கொடுக்கும் படிவத்தில் ஒரு கட்டம் உண்டு, கம்பெனி பாகங்கள் தவிர வேறு ஏதாவது மாற்றப்பட்டிருக்கிறதா. மாற்றாத வண்டிகள் எல்லாம் ஸ்டாக் வகுப்பு, மாற்றியவை ஓப்பன் வகுப்பு. ஸ்டாக் வகுப்பில் போன வருஷம் அவள் நாலாவது வந்தாள், அவளுக்கு முன்னால் வந்த மூன்று பேரில் இரண்டு பேர் இந்த வருஷம் ஓட்டவே இல்லை. முதல் மூன்று பேருக்கு பெங்களூரில் இறுதிப் போட்டி. அடுத்த மாதம் கம்பெனி அவளை ராஜ்கோட் கிளைக்கு மாற்றுகிறது, வண்டியை விற்றுவிட்டுப் போகப்போகிறாள், ஆகவே இதுதான் கடைசி வருஷம் என்று அவளுக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். ஓப்பன் வகுப்பில் எல்லாம் நேற்று இறங்கிய வெளிநாட்டு வண்டிகள், இவளுடைய மூன்று கை மாறி வந்த நூற்றிருபத்தைந்து சிசி வண்டி அவற்றின் புழுதியைக்கூடப் பிடிக்க முடியாது. உள்ளே ஒளிந்திருக்கும் ரீடை யார் கழற்றிப் பார்க்கப்போகிறார்கள், இல்லை என்று எழுது அம்மணி, எல்லாரும் அப்படித்தான் எழுதுகிறார்கள் என்று அவரே சொல்லிப் பார்த்தார். அப்படிச் சொன்னால் விஷயம் தானாகச் சரியாகிவிடும், அவள் பொய் என்று நினைத்து எழுதுவது உண்மையாகவே இருந்துவிடும் என்று ஒரு கணக்கு. அவள் பேனாவை மூடாமல் யோசித்துவிட்டுச் சொன்னாள்.

"போட்டதைப் போடலைன்னு எழுத எனக்குக் கை வராதுங்கண்ணா."

கை வராது. மாற்றம் உண்டு என்று எழுதி ஓப்பன் வகுப்பில் பேர் கொடுத்துவிட்டாள், அன்றிலிருந்து இருபது நாளாக அந்தச் சொல் அவரை விடவில்லை. சோற்றைப் பிசையும்போது வந்தது, ஸ்பேனரை எடுக்கும்போது வந்தது, பட்டறை ஷட்டரை இழுத்து விடும்போது கையைப் பார்த்தால் வந்தது. அவளுக்குக் கை வராத இடத்தில் தனக்கு எவ்வளவு சுலபமாக வந்தது. இதற்கு நடுவில் போத்தனூர் சகாயம் வேறு. சகாயமும் மெக்கானிக், நல்ல வேலைக்காரன், டீக்கடையில் வைத்து, ஏனுங்க வெள்ளிங்கிரி, அந்தக் கார்பன் ரீடு நெசமாலுமே வேலை செய்யுதுங்களா என்று கேட்டான். இன்னும் தெரியலீங்க என்று சொல்லியிருந்தால் அதுகூட உண்மையாக இருந்திருக்கும். இவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு விளக்கினார். தகடு எடை குறைவு, அதனால் சீக்கிரம் திறந்து சீக்கிரம் மூடும், மேல் வேகத்தில் படபடக்காது, கீழ் வேகத்தில் இழுப்பு கும்முனு ஏறும், கையால் செய்து காட்டி, விரல்களையே தகடாக ஆட்டி, ஒரு கால்மணி நேரம். சகாயம் மறு வாரமே ஒன்று வரவழைத்துவிட்டான். அதைவிட வெட்கம் ஒன்று இருக்கிறது, அதை யாரிடமும் சொல்ல முடியாது. போன ஞாயிறு மேகலா ஓட்டும்போது மேட்டோரம் நின்று கண்ணை மூடிக்கொண்டு சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார், வண்டியைப் பார்க்காமலே கோளாறைக் கண்டுபிடிக்கும் காது அது, ஊரே மெச்சின காது, அந்தக் காதில் கார்பன் ரீடின் சத்தம் கேட்டது. தெளிவாகக் கேட்டது. தலையை ஆட்டி ரசித்தார். பிறகுதான் நெஞ்சுப் பக்கம் சட்டைப் பையில் இருந்த அந்த உடைந்த தகடு குத்தியது.

ஐந்து. சோதனை மேஜையில் இருந்த அப்பாதுரை தொப்பியைக் கழற்றித் தலையைத் துடைத்துக்கொண்டிருந்தார், வயசானவர், ஒவ்வொரு பிரேக் வயரையும் இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் விடுவார், மெதுவாகத்தான் விடுவார், நல்லது, மெதுவாகவே விடட்டும். இது முதல் தடவையா என்றால் அதுவும் இல்லை. இருபது வருஷத்துக்கு முன்னால் ஒரு வாத்தியாருடைய வண்டி இஞ்சின் இறுகிப் போச்சு, இவர்தான் ஆயில் பம்பைச் சரியாக வைக்காமல் விட்டது, வாத்தியார் வந்து கேட்டபோது ஆயில் மட்டமுங்க என்று வாயில் வந்துவிட்டது. ஆயில் கடை வைத்திருந்தவன் தங்கவேலு, கூடவே திரிந்த சிநேகிதன். வாத்தியார் நேரே அங்கே போய்க் கடை வாசலில் நின்று, கலப்பட ஆயில் விற்கிறாயா என்று சத்தம் போட்டார். அன்று மாலை தங்கவேலு பட்டறைக்கு வந்து, வெள்ளிங்கிரியைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனான், அதற்கப்புறம் கல்யாணம் காட்சியில் பார்த்தால்கூட வேறு பந்தியில் போய் உட்காருவான். ஒரு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை. இவர் பொய் சொல்கிறவர் இல்லை, அப்படி ஊரில் பேர், அது சரியான பேர்தான், மற்றவர்கள் மாதிரி வாய் கூசாமல் அடித்துவிடுகிறவர் இல்லை. ஒரு நொடியில் ஏதோ வாயில் வரும், அல்லது வர வேண்டியது வராமல் போகும், அதற்கப்புறம் அதைச் சுமந்துகொண்டு திரிவார். மனைவி சரசாவிடம்கூடப் பாதிதான் சொன்னார், சாமான் ஒன்று கையில் ஒடிஞ்சு போச்சு என்று. அதுக்கென்னங்க, அந்தப் புள்ளகிட்டச் சொல்லிப்போடுங்க, அவ என்ன கடிச்சா போடுவா என்று அவள் புளியைக் கரைத்துக்கொண்டே சொன்னாள். சொல்றேன் என்றார். நாளைக்குச் சொல்றேன் என்றார். சரசா கரைப்பதை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தாள், பெண்டாட்டிகளுக்கு நாளைக்கு என்ற வார்த்தை எப்படிப்பட்டது என்று தெரியும்.

மேகலா வந்தாள். கையில் டாக்டர் சீட்டு, இரண்டு பன், மார்பில் அறுபத்து மூன்று என்று எண் போட்ட துணி கோணலாகக் கட்டியிருந்தது. அண்ணா சாப்பிட்டிருக்க மாட்டீங்க என்று ஒரு பன்னை நீட்டினாள். சாப்பிடவில்லை என்பது இவளுக்கு எப்படித் தெரியும், ஆறு வருஷமாகப் பந்தயத்தன்று காலையில் அவர் சாப்பிடமாட்டார் என்று தெரியும். வாங்கிக்கொண்டார். பன் மெதுவாக இருந்தது, தொண்டையில் இறங்கவில்லை. அவள் வண்டி சீட்டில் சாய்ந்துகொண்டு ஓப்பன் வகுப்பில் யார் யார் என்று சொல்லிக்கொண்டிருந்தாள், பதினான்கு பேராம், கடைசியாக வராமல் இருந்தால் போதுமாம், ஆனால் அந்த ஒன்றரை வினாடியை யார் என்ன சொன்னாலும் யாரும் எடுத்துக்கொள்ள முடியாது, அதை எழுதி வைத்திருக்கிறேன், ராஜ்கோட் போனாலும் அந்த நோட்டு கூட வரும் என்றாள். சொல்லிவிட்டுச் சிரித்தாள். மைக்கில் ஒரு குரல், வகுப்பு மாற்றிக்கொள்கிறவர்களுக்கு இன்னும் பத்தே நிமிடம் என்றது. இப்போது. பந்தல் முப்பது அடி தூரம். இவள் ஓடினால் பத்து நொடி, ஓர் அடித்தல், ஒரு கையெழுத்து, பெங்களூர். இப்போது சொல்லாவிட்டால் எப்போது. பன்னை விழுங்கினார். நாலு வார்த்தை வரிசையாக நின்றது, அந்த, ரீடை, நான், போடலை, முதல் வார்த்தையை வெளியே அனுப்பினால் மற்றவை தானாக வரும்.

"அம்மணி."

"சொல்லுங்கண்ணா."

அவள் திரும்பிப் பார்த்தாள். நெற்றியில் காய்ந்த விபூதிக் கீற்று, கண்ணில் ஒரு துளி சந்தேகமும் இல்லை, அந்தக் கண்தான் அவரை அடித்தது.

"செயின் கொஞ்சம் லூஸா இருக்குது. லைன்ல எறங்கறதுக்கு முன்னால பாத்துக்கலாம்."

சரிங்கண்ணா, நீங்க பாத்துக்குங்க என்று அவள் மறுபடி திரும்பிக்கொண்டாள், செயினைக் குனிந்துகூடப் பார்க்கவில்லை. ஆறு வருஷத்தில் அவர் கை வைத்த ஒன்றையும் அவள் திரும்பத் தொட்டுப் பார்த்ததில்லை, வேறு எவன் டயரில் காற்று அடித்தாலும் தானே ஒரு முறை அளந்து பார்க்கிற பெண். செயின் சரியாகத்தான் இருந்தது. காலையில் அவரே இரண்டு விரல் வைத்து அளந்து இறுக்கிய செயின். இப்போது அதுவும் பொய்யாயிற்று. ஒரு பொய்யை எடுக்கப் போய் இன்னொன்றை வைத்துவிட்டு வந்த வெட்கம் காது மடல் வரை சுட்டது. வெயிலா என்று தொட்டுப் பார்த்தார். மூளை உடனே உதவிக்கு வந்தது, அது எப்போதும் பிந்தி வந்து சாமர்த்தியமாகப் பேசும். இப்போது சொன்னால் அவள் மனசு உடைந்துவிடும், பந்தயத்துக்கு முன்னால் ஓட்டுகிறவர் மனசை உடைப்பது பாவம், ஒன்றரை வினாடி அந்தக் கேஸ்கெட்டால் மட்டும் வந்திருக்காது, புது ரீடு என்ற நம்பிக்கையில் வளைவில் முந்தியைவிடப் பிந்தி பிரேக் பிடிக்கிறாள், மேட்டில் ஆக்சிலேட்டரை விடாமல் தாண்டுகிறாள், அது அவளுடைய வேகம், அதை நான் பிடுங்கக் கூடாது. நல்ல வாதம். யோசிக்க யோசிக்க இன்னும் நல்லதாகத் தெரிந்தது. ஆனால் இந்த அக்கறை இருபது நாளாக எங்கே போயிருந்தது, பத்து நாளைக்கு முன் சொல்லியிருந்தால் உடைந்த மனசு ஒட்டுவதற்கு வேண்டிய நேரம் இருந்ததே. அவள் மனசு அல்ல, மீசை. நாலு பேர் பார்த்த பார்வை. இந்தத் திடலில் எல்லாரும், யாரு, அந்த ஒடைச்சுப்போட்டு ஒளிச்சு வெச்ச ஆளா என்று கேட்கிற சத்தம். முப்பது வருஷத்துக்கு அப்புறம் அதுதான் பேராக நிற்கும் என்கிற பயம். பயந்தாங்கொள்ளி என்று தன்னைத்தானே திட்டினார், திட்டியதால் கொஞ்சம் ஆறுதலாகக்கூட இருந்தது, அந்த ஆறுதலும் அசிங்கமாக இருந்தது.

மூன்று. இரண்டு. மேகலா கையுறையை மாட்டி விரல்களை மடக்கி மடக்கிப் பார்த்தாள். நீலப் பந்தலில் இருந்த பெண் பேனாவை மூடினாள், அட்டையைக் கயிற்றிலிருந்து அவிழ்த்துக் குப்புற மேஜையில் வைத்தாள், காகிதங்களைத் தட்டி அடுக்கினாள். எழுந்து சேலையை உதறிக்கொண்டாள். மணி ஒன்பது. வெள்ளிங்கிரியின் தோள் இரண்டும் தாமாக இறங்கின, ஒரு பெருமூச்சு வந்தது, பல் பிடுங்கிக்கொண்டு வெளியே வந்தவன் விடுகிற மூச்சு. முடிந்தது. இனிச் சொல்லி ஒரு பிரயோஜனமும் இல்லை, ஆகவே சொல்ல வேண்டியதில்லை. காற்றுக்கூடக் கொஞ்சம் குளிர்ந்த மாதிரி இருந்தது. கையில் மிச்சம் இருந்த பன்னைக் கடித்தார், இனிப்பாக இருந்தது, தொண்டையில் இறங்கியது. இரண்டாவது கடி கடிக்கும்போதுதான் தான் என்ன செய்துகொண்டிருக்கிறோம் என்பது அவருக்குத் தெரிந்தது. இந்த நொடிக்காகத்தான் நின்றிருக்கிறார். ஏழு வண்டி, ஆறு வண்டி என்று எண்ணியது சொல்வதற்கு நேரம் இருக்கிறதா என்று பார்க்க அல்ல, அட்டை எப்போது இறங்கும் என்று பார்க்க. அவளுடைய கடைசி வருஷம் முப்பது அடி தூரத்தில் மூடப்படுவதைப் பார்த்துக்கொண்டே பசி வந்து பன் தின்றிருக்கிறார். வாயில் இருந்ததைத் துப்பவும் முடியவில்லை, மெல்லவும் முடியவில்லை.

அவர்கள் முறை வந்தது. அப்பாதுரை பிரேக் வயரை இழுத்தார், ஸ்போக்குகளை விரலால் சுண்டினார், ஹேண்டிலை இரண்டு பக்கமும் திருப்பினார், படிவத்தை அட்டையில் வைத்துப் படித்தார். வெளி ரீடு போட்டிருக்குதுன்னு எழுதியிருக்குது, நீங்களா எழுதினீங்க என்று மேகலாவைக் கேட்டார். ஆமாங்க, அண்ணன் போட்டுக் குடுத்தது என்றாள், அண்ணன் என்று சொல்லும்போது அவர் பக்கம் கையைக் காட்டினாள். அப்பாதுரை சிரித்தார். இப்படி ஒருத்தரும் தானா எழுத மாட்டாங்க என்றார். பிறகு பேனாவை வெள்ளிங்கிரியிடம் நீட்டி, பாகத்தை மாத்தின மெக்கானிக் இதுல ஒரு கையெழுத்துங்க என்று ஓர் இடத்தைத் தொட்டுக் காட்டினார். புள்ளிக் கோடு. அதன் மேலே அச்சில், மேற்படி பாகத்தைப் பொருத்தியவர். பேனாவை வாங்கினார். முள்ளைக் காகிதத்தில் வைத்தார். வெ எழுதினார். கை அங்கேயே நின்றது. அவர் நிறுத்தவில்லை, நிறுத்தும் அளவுக்கு நல்லவர் இல்லை என்பது இத்தனை நேரத்தில் அவருக்கே தெரிந்துவிட்டது, கை தானாக நின்றது, கை வராது என்பதை இருபது நாளாகக் கேட்டுக்கேட்டு அதற்கும் பழகிவிட்டது போல. பின்னால் வரிசையில் யாரோ ஹாரன் அடித்தார்கள். அவர் பேனாவை வைத்துவிட்டுச் சட்டைப் பையிலிருந்து துணிச் சுருளை எடுத்தார், பிரித்தார், கறுப்புத் தகட்டைப் படிவத்தின் மேல் வைத்தார்.

"இத நான் போடலீங்க. அன்னிக்கே என்ற கையில கீறல் விட்டுப்போச்சு. உள்ள இருக்கறது பழைய ரீடுதான், திருப்பிப் போட்டது."

மேகலா தகட்டை எடுத்து வெயிலில் பிடித்துப் பார்த்தாள். கோட்டைக் கண்டுபிடித்தாள். அவளுக்கு அளவெடுப்பதுதான் வேலை, அதனால் திட்டவில்லை, கேட்டாள். என்னிக்குங்க? பயிற்சிக்கு முந்தின நாள். அப்ப ஒன்றரை வினாடி எதனால? கேஸ்கெட் கிழிஞ்சிருந்துச்சு, மாத்துனேன். அப்ப ரீடு நல்லதா இல்லையான்னு இன்னும் நமக்குத் தெரியாது. தெரியாதுங்க. அவர் அவளுக்கு 'ங்க' போட்டுப் பேசுவதை அவளும் கவனித்தாள். அப்பாதுரை தொண்டையைச் செருமிக்கொண்டு நீலப் பந்தலைப் பார்த்தார், மேகலாவும் பார்த்தாள், அந்தப் பெண் காகிதக் கட்டை எடுத்துக்கொண்டு தூரத்தில் மேடை பக்கம் போய்க்கொண்டிருந்தாள். ஒன்பது பத்து. பத்து நிமிஷத்துக்கு முன்னால பக்கத்துலதான நின்னுட்டிருந்தேன் என்று மேகலா சொன்னாள், யாரையும் பார்த்துச் சொல்லவில்லை. பிறகு படிவத்தில் தான் எழுதியிருந்த வரியை ஒரே கோடாக அடித்து, மாற்றம் இல்லை என்று எழுதி, கையெழுத்துப் போட்டாள். வகுப்பை மாத்த முடியாதும்மா, ஓப்பன்லயே ஓட்டிக்கறியா என்று அப்பாதுரை மெல்லக் கேட்டார். ஓட்டறேனுங்க என்றாள்.

வண்டியை அவளே தள்ளிக்கொண்டு போனாள், அவர் ஹேண்டிலில் கை வைக்கப் போனபோது பரவாயில்லை என்றாள். புளிய மர நிழலில் ஸ்டாண்டில் நிறுத்தினாள். முதல் ஓட்டத்துக்கு இருபது நிமிடம் இருந்தது. வெள்ளிங்கிரி நாலடி தள்ளி நின்றார், மன்னிச்சுக்க அம்மணி என்று சொல்ல வேண்டும், அது இரண்டே வார்த்தை. அவள் குனிந்து செயினின் நடுவில் இரண்டு விரலை வைத்து மேலே தூக்கிப் பார்த்தாள், கீழே அழுத்திப் பார்த்தாள்.

"செயின் லூஸுன்னு சொன்னீங்களேண்ணா. சரியாத்தான இருக்குது."

அவள் கையுறைகளைக் கழற்றி சீட்டில் வைத்தாள், அவருடைய டூல் பெட்டியை இழுத்துத் திறந்து பதினேழாம் நம்பர் ஸ்பேனரை எடுத்தாள், முன் சக்கரத்திலிருந்து ஆரம்பித்தாள். காலையில் அவர் இறுக்கியிருந்த நட்டு. இறுக்கமாகத்தான் இருந்தது. இறுக்கமாக இருக்கிறது என்று தெரிந்த பிறகும் இன்னொரு தடவை இழுத்துப் பார்த்துவிட்டு, அடுத்த நட்டுக்குப் போனாள்.